மூக்கில்லாமல் அரைத்த நலங்கு மாவு

கொரோனாக் காய்ச்சல் என் மூக்கைக் கொண்டுபோனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசம் மட்டும் திரும்பவே இல்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்ததில் வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் திருவரங்குளத்தில் குளியல் பொடி என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். வாசம் தெரியாதவள் அரைத்த பொடியை எவள் தொடுவாள்? வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து எல்லார் மேலும் சந்தேகம்.

இந்தத் தையில் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். நலங்குக்கு அம்மா அரைத்த மாவுதான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் வந்து பூசுவார்கள். மணம் குறைந்தால் பேச்சு கிளம்பும், அதையாவது தாங்கலாம். மிளகாய் அரைத்த மிஷினில் இதையும் அரைத்துவிட்டால் கல்யாணப் பெண்ணின் முகம் என்னத்துக்கு ஆகும்? அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கமே போனது.

புதுக்கோட்டை டவுனில் நாட்டு மருந்துக் கடைக்காரர் கிச்சிலிக்கிழங்கையும் பூலாங்கிழங்கையும் அள்ளி வைத்தார். முன்பெல்லாம் ஒன்றை ஒடித்து மோந்தாலே பழசா புதுசா என்று சொல்லிவிடுவேன். அன்றும் ஒடித்தேன், மோந்தேன், சும்மா முகத்தைச் சுளித்தேன். உடனே உள்ளே போய் வேறு மூட்டையிலிருந்து கொண்டுவந்தார். அப்படியானால் முதலில் வைத்தது பழசுதானே? இல்லை, இவள் ஒரு பைத்தியம் என்று இரண்டாவதாகத்தான் பழசைக் கொடுத்தாரா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே யோசனை.

ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள், பச்சைப்பயறு எல்லாவற்றையும் மாடியில் காயவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஏறி வந்து, மணம் தெருமுனை வரைக்கும் தூக்குகிறது என்றாள். அவள் வாயால் என்னைப் பாராட்டி நான் கேட்டதே கிடையாது. என்ன காரியத்துக்கு அடிபோடுகிறாளோ என்றுதான் தோன்றியது.

மாவு மில்லில் எனக்கு முன்னால் ஒரு தூக்குவாளி நின்றது. வாளிக்காரியைக் கேட்டால் வெறும் மல்லி என்றாள். மிளகாய் சேர்க்காமல் வெறும் மல்லியை யார் மில் வரைக்கும் தூக்கி வருவார்கள்? மில்லுக்காரர் பச்சரிசி போட்டு ஓட்டி மிஷினைச் சுத்தம் பண்ணிவிட்டதாகச் சொன்னார். என் கண் முன்னால் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். விழுந்த மாவு கொஞ்சம் சிவப்பாக இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மில்லுக்குள் நின்றாலே எல்லாருக்கும் தும்மல் வரும், அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் பொடியை நீட்டினேன். கமகம என்று இருப்பதாகச் சொன்னார். அந்த மனிதருக்கு எதைக் கொடுத்தாலும் கமகமதான், ஊசிப்போகப் பார்த்த சாம்பார்கூட. சரி, பார்த்துவிடலாம் என்று அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணத்தில் வெறும் பயத்தமாவை எடுத்துவந்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். ரோஜா கொஞ்சம் தூக்கல், என் கைப்பக்குவமே தனி என்றார்.

எனக்கு வந்ததே கோபம்.

"இது வெறும் பயத்தமாவு. எதுக்குங்க இப்புடிப் பொய் சொல்றீங்க?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு வாசமே தெரியாது புள்ள. அந்தக் காய்ச்சல்லேருந்து தெரியல. சொன்னா நீ பயந்துருவன்னு விட்டுட்டேன்."

அடப் பாவி மனுஷா! ஒரே வாரத்தில்தான் இரண்டு பேரும் காய்ச்சலில் கிடந்தோம். எனக்கும் அன்றிலிருந்து வாசம் தெரியாது என்று நானும் சொன்னேன். பிறகு அவர், மகளை மோந்து பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டார். அவள் என் மனசு நோகக் கூடாது என்று நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வாள். அவளையும் நான் நம்பத் தயாராக இல்லை.

வாசம் தெரியாவிட்டால் என்ன, எரிச்சல் தெரியும் இல்லையா என்றார். காலையில்தான் முகம் சவரம் செய்திருந்தார். நான் அரைத்த பொடியை எடுத்துத் தண்ணீரில் குழைத்து இரண்டு கன்னத்திலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரில் நின்று அவர் முகத்தையே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண் கலங்கியது.

"எரியுதுன்னா சொல்லிருங்க. எனக்காக மறைக்காதீங்க, அது நம்ம புள்ள மூஞ்சி."

"எரியல புள்ள. முன்னாடியெல்லாம் அவ குளிச்சிட்டு வந்தா, திரும்பிப் பாக்காமலே வாசத்துலயே எனக்குத் தெரியும். அது போயி எவ்வளவோ நாளாச்சு. இப்ப அவளும் போகப்போறா."

அந்தப் பேச்சில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவர் உள்ளங்கையில் மிச்சமிருந்ததை வழித்து என் முகத்திலும் பூசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எரியவில்லை. அழுகைதான் வந்தது.