பாய்லர் கண்ணும் மீன் எண்ணெயும்

போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவப் போனால், மண்டபத்தில் திருகில்லாத குழாய். கையை நீட்டினால் தானே தண்ணீர் விழுமாம். விழவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் குழாயைத் தட்டினார், திட்டினார், அடுத்ததற்குப் போய்விட்டார். நான் குனிந்து, குழாய்க்கு அடியில் இருந்த சின்னக் கறுப்புக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தேன். தண்ணீர் கொட்டியது. "கல்யாண வீட்டுலயுமா? ஒங்களுக்கு அந்தப் புத்தி போகவே போகாதா?" என்றாள் என் மனைவி. போகாதுதான். பட்டது அப்படி.

வாலிப வயதில் நான் வேலை பார்த்தது வாலிநோக்கம் பக்கம், கடலோரத்தில் இருந்த ஒரு மீன்தூள் கம்பெனியில். கழிவு மீனை வேகவைத்து, எண்ணெயைப் பிழிந்து எடுத்து, காயவைத்து, கோழித் தீவனத்துக்கு அரைப்பார்கள். எனக்கு ஊர் அபிராமம் பக்கம். மிளகாயும் கண்மாயும்தான் தெரியும். சேர்ந்த புதிதில் அந்த நாற்றத்தில் சோறு இறங்காது. லீவில் ஊருக்குப் போனால், எங்கள் ஆத்தா வாசலிலேயே நிறுத்தி வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்த பிறகுதான் உள்ளே விடும். ஒரு லாபம், பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். மகாராஜா மாதிரி காலை நீட்டிக்கொண்டு போவேன்.

வேலை பாய்லரில். ஃபர்னஸ் ஆயில் என்கிற கறுப்பு எண்ணெயில் எரிவது. தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க அதில் ஒரு கருவி உண்டு. பிளேம் ஸ்கேனர் என்று பெயர், நாங்கள் 'கண்ணு' என்போம். முனையில் கண்ணாடி வைத்த சின்னக் குழாய், அவ்வளவுதான். தீ தெரியும்வரை எண்ணெயை விடும். தெரியவில்லை என்றால் உடனே அடைத்து பாய்லரை நிறுத்திவிடும். தீ அணைந்த அடுப்பில் எண்ணெய் சேர்ந்து வெடித்துவிடக் கூடாதே, அதற்காக. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கண்ணாடியில் கரி படிந்தால், உள்ளே தீ கொழுந்துவிட்டு எரியும்போதே தீ இல்லை என்று சாதிக்கும்.

ஒரு வருஷம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிய சமயம், பாய்லர் ஓயாமல் நிற்க ஆரம்பித்தது. கண்ணைத் துடைத்து மாட்டினால் ஒரு மணி நேரம் தாங்காது. வயரைப் பார்த்தேன், சரி. புதுக் கண் மாட்டினேன், அதுவும் மங்கியது. குழாயை ஊதிப் பார்த்தேன், அடைப்பு இல்லை. பாய்லர் நின்றால் மீன் வேகாது. முற்றத்தில் கொட்டிய மீன் புழுத்துப்போகும். மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ நின்னுச்சு, ஊரப் பாத்துப் போயிரு. சர்வீஸ் சர்ட்டிபிகேட்டும் கெடையாது." அந்தச் சான்றிதழ் இல்லாமல் பாய்லர் பரீட்சை எழுத முடியாது. பரீட்சையை நம்பித்தான் நான் அந்த நாற்றத்தில் கிடந்தேன்.

அங்கே ஃபிட்டராக இருந்தவன் சேசு, பாம்பன்காரன். அவன் வீட்டு நெத்திலிக் குழம்பில் பாதி எனக்குத்தான். மீன் என்றாலே ஓடிய என்னை மீன் தின்ன வைத்தவன். நான் கண்ணைக் கழற்றும்போதெல்லாம் ஸ்டோரிலிருந்து நல்ல பனியன் வேஸ்ட் துணியாகப் பார்த்து எடுத்துத் தருவான். "ஏலே மாப்ள, நல்லா அழுத்தித் தொட. ஒனக்குக் கைவாகு பத்தல" என்பான். நானும் மடையன், இருக்கும் போல என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

கரிதான் எனக்குப் பிடிபடவில்லை. வழக்கமான கரி உதிரும். இது தோசைக்கல் பிசுக்கு மாதிரி ஒட்டியது. ஒரு மத்தியானம், ஃபில்டரைப் பார்க்கலாம் என்று எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். சேசு மேலே நின்று, கெட்டு விலைபோகாத மீன் எண்ணெயை டின் டின்னாகத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். பிசுக்கு வந்த வழி அதுதான்.

"மேனேஜர் ஊத்தச் சொன்னாரு, ஊத்துறேன். ஃபர்னஸ் ஆயில் மிச்சமாகுமாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேலே?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா மொதலாளிகிட்டப் போவ."

போனேன்தான். மறுநாள் முதலாளி வந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னேன். கறுப்பு எண்ணெயில் கலந்த பிறகு எதைப் பிரித்துக் காட்டுவது? "தொட்டிய வந்து மோந்து பாருங்கய்யா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இங்கன எதுதாம்ப்பா மீன் நாத்தம் அடிக்கல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் சட்டையே அந்த நாற்றம்தான் அடித்தது.

பிறகு சேசுவைக் கேட்டார். அப்பாடா என்று திரும்பினேன். சேசு மேனேஜரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "மீன் எண்ணெயெல்லாம் ஊத்தல மொதலாளி. இவன் கண்ணத் தொடைக்கிறதே இல்ல" என்றான்.

தொடைக்கிறதே இல்லையாம்! பாவி, துணி எடுத்துக் கொடுத்ததே நீதானடா! அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்கள், சான்றிதழ் இல்லாமல். பாய்லர் வேலை அதோடு போயிற்று. ஊரில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டேன், பிழைப்பு ஓடியது. எனக்கு மட்டும் ஆறவில்லை.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. புகைபோக்கியை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், பாய்லர் நின்ற இடத்தில் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. மேனேஜர் எங்கே போனாரோ. சேசு மாசி மாசம் செத்துப்போனான் என்று அந்தக் கல்யாணப் பந்தியில்தான் யாரோ சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் துடைத்தேன் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.