கரீம் பாய் வாங்கி வந்த பேட்

வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் முதலில் வெளியே வருவது வாசனைதான். சோப்பு, அத்தர், ஆரஞ்சுப் பொடி, புது ரெக்ஸின் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, இன்னார் வீட்டில் ஆள் வந்தாகிவிட்டது என்று தெருக்கோடி வரை தகவல் சொல்லிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் லெப்பைக்குடிக்காட்டில் அந்த வாசனை வராத மாதம் குறைவு. என் அப்பா அரசாங்க உத்தியோகத்தில் மாற்றலாகி அந்த ஊருக்கு வந்தவர். எங்கள் வீட்டில் வீசியதெல்லாம் பழைய கோப்புகளின் வாசனை. ஆகவே என் வகுப்புத் தோழன் நசீரின் அத்தா சவூதியிலிருந்து நான்கு வருஷம் கழித்து வந்திறங்கிய அன்று, யாரும் கூப்பிடாமலே போய் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

கரீம் பாய் பெட்டியின் அடியிலிருந்து நீளமான பொட்டலம் ஒன்றை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"கேட்டல்ல, கிரிக்கெட் சாமான். புடி."

பிரித்தோம். உருண்டையான மரத்தடி ஒன்று இருந்தது. பிடியில் மெலிந்து, போகப் போகப் பருத்து, நன்றாக மெருகு போட்டது. சிவப்புத் தையலிட்ட வெள்ளைப் பந்து ஒன்று. முறம் போல விரிந்த தோல் கையுறை ஒன்று, ஒரு கைக்கு மட்டும்.

"இன்னொரு கைய ஏர்போர்ட்ல புடுங்கிட்டானுவ போலருக்குடா" என்று எங்கள் விக்கெட் கீப்பர் சேகர் என் காதில் சொன்னான். எங்கள் அணியில் பெரும்பாலோர் இதை வெகுகாலம் நம்பினார்கள்.

பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் இருப்பது எனக்குத் தெரியும், ஒரு பழைய படப் பத்திரிகையின் தயவில். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எனக்கு எந்த வயதிலும் சிரமம். வாயைத் திறக்கப் போனேன். நசீர் என் காலை அழுத்தி மிதித்தான்.

காரணம் வெளியே வந்த பிறகுதான் விளங்கியது. நசீர் எங்கள் பக்கத்து ஊர்களிலேயே பேர் போன மட்டையாளன், ஆனால் அவன் ஆடி அவன் அத்தா பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் கடிதம் எழுதச் சோம்பிய குடும்பங்கள் "கேசட்" பேசி அனுப்பும். உம்மா அழுது முடித்து, தங்கை ஓதிக் காட்டி, ஆடு குட்டி போட்டது வரை சொன்ன பிறகு, நாடாவின் கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில் நசீர் தான் எடுத்த ஓட்டங்களைச் சொல்வான். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவர் இந்தச் சாமானை வாங்கி வந்திருந்தார். அவர் சவூதிக்குத் திரும்புவதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் அரும்பாவூர் பையன்களுக்கும் மேட்ச். அதற்கு வருவதாகச் சொல்லிவிட்டார். "நான் வாங்கியாந்த பேட்டுலதான் ஆடணும்" என்றும் சொல்லிவிட்டார்.

ஆக, அணியின் பழைய பேட்டில் ஆடினால் மகன் கெட்டிக்காரன் என்று அத்தா தெரிந்துகொள்வார். தான் வாங்கியது வீண் என்பதையும் தெரிந்துகொள்வார். உருண்டைத் தடியில் ஆடினால் அவர் மனசு நோகாது, ஆனால் கேசட்டில் கேட்டதெல்லாம் பொய் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுவார்.

"தப்பான சாமான்னு சொல்லிட வேண்டியதுதானடா" என்றான் சேகர்.

"நாலு வருசம் கழிச்சு வந்துருக்காருடா. நீ சொல்லுவியா ஒங்கப்பாகிட்ட?"

"எங்கப்பா வாங்கியாந்தாத்தான் சொல்றதுக்கு."

அந்த வாரம் முழுக்க, கடலை பிடுங்கிய கொல்லையில் நசீர் அந்தத் தடியோடு மல்லுக்கட்டினான். கிரிக்கெட் அவனுக்குக் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கங்கள் எல்லாம் இதில் கெட்ட பழக்கங்களாகிவிட்டன. நேராக மட்டையை வைத்துத் தடுத்தால் பந்து வழுக்கிக்கொண்டு ஸ்லிப்புக்குப் போனது. முன்காலை வைத்து அழகாக டிரைவ் அடித்தால் தலைக்கு மேல் உயர எழும்பி, பந்து போட்டவன் கையிலேயே விழுந்தது. அதே சமயம், எங்கள் அணியில் கடைசியாக இறங்கி, கழியால் புளி அடிப்பது போலக் குறுக்கே வீசுகிறவன் ஒருவன் இருந்தான்; அவன் ஒரு கை பார்க்கிறேன் என்று வாங்கி, தரையில் படாமல் வந்த பந்து ஒன்றை வெள்ளாற்றுப் பக்கம் அனுப்பிவிட்டான். தேடி எடுக்க இருட்டிவிட்டது.

தேடும்போது நசீருக்குப் புத்தி வந்தது. தரையில் படாத பந்துதான் இந்தத் தடிக்கு ஆகும். பந்து தரையில் படுவதற்குள் நாம் போய்விட்டால்? சுழற்பந்துக்கு இறங்கி ஆடும் கால் அவனிடம் ஏற்கனவே இருந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் கிரீஸ் கோட்டைத் தாண்டி மூன்று எட்டு பாய்ந்து, குத்தும் முன் மடக்கி அடிக்கப் பழகினான். தவறினால் ஸ்டம்பிங், அதற்கு மருந்தில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆடத் தெரியாதவனும் சட்டம் தெரிந்தவனுமாகிய நான் வழக்கம்போல அம்பயர். அரும்பாவூர் கேப்டன் தடியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"யோவ் அம்பயரு, இது பேட்டா, உலக்கையா? நெல்லு குத்தவா வந்துருக்கோம்?"

என்னிடம் அட்டை போன விதிப் புத்தகம் இருந்தது. பேட்டின் அகலம் நான்கேகால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருந்தது. தட்டையா உருண்டையா என்று அந்தப் பக்கத்தில் இல்லை, அடுத்த பக்கமே இல்லை. அடி ஸ்கேலால் அளந்து காட்டி, ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது என்று அறிவித்தேன். பின்னாளில் அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருஷம் செய்த வேலைக்கு அதுதான் ஒத்திகை.

வேலிக்கருவை நிழலில் கரீம் பாய் வெள்ளைச் சட்டையில் நின்றார். நசீர் முதல் பந்துக்கே பாய்ந்தான். "டொக்" என்ற சத்தம் எங்கள் பேட்டில் எப்போதும் வராத சத்தம். பந்து கருவைக்கு மேலே போயிற்று. அடுத்ததும் அப்படியே. அப்போதுதான் எல்லைக்கோட்டிலிருந்து கரீம் பாயின் குரல் கேட்டது.

"பேட்ட போட்டுட்டு ஓடுடா! கீழ போட்டுட்டு ஓடு!"

எல்லோரும் சிரித்தார்கள். நசீர் சிரிக்கவில்லை, அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தான். இன்னும் சில பந்துகளை விளாசினான். பிறகு ஒரு பந்து தாழ்ந்து வந்து தடிக்கு அடியில் நுழைய, அரும்பாவூர் கீப்பர் குச்சிகளைத் தட்டினான். நசீர் கோட்டுக்கு வெகு தூரம் வெளியே நின்றான். நான் விரலைத் தூக்கினேன்.

கரீம் பாய் நேராக மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

"கைய தூக்குனது நீயா தம்பி? எதுக்கு?"

"கோட்டுக்கு வெளிய வந்துட்டான் பாய்."

"வெளிய வந்துதானேப்பா அடிச்சான்? அதுக்கு ஏன் போகச் சொல்ற?"

விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். ஆனால் அவர் கோபமாக இல்லை. மகன் தோளில் கை போட்டுக்கொண்டார், முகமெல்லாம் பூரிப்பு.

"நாங்க தங்கிருக்கற கேம்ப்புக்குப் பக்கத்துல கம்பெனி தொரைங்க காலனி. வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுக முடிஞ்சதும் கம்பிவேலி ஓரமா போய் நிப்பேன். உள்ள அவங்க புள்ளைங்க இந்த ஆட்டந்தான் ஆடும். ஒன் கேசட்டுல வர்றதெல்லாம் இதுதானேன்னு வாரா வாரம் பார்த்துட்டு வருவேன். ஒருத்தன் ஒன் ஒசரம் இருப்பான். அவன் கையில வச்சிருந்தது மாதிரியே கேட்டு வாங்கினேன். அவனும் ஒரு கைக்குத்தான் மாட்டிருப்பான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவங்க அடிச்சதும் கீழ போட்டுட்டு ஓடுவாங்க. நீ தூக்கிட்டே ஓடுற" என்றார்.

எங்கள் பதினொரு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அரும்பாவூர் கேப்டன்கூட.

"ஆமா அத்தா. இங்க பேட்ட போட்டா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்" என்றான் நசீர்.

அதற்கு அவர் சிரித்த சிரிப்பை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. அடுத்த வாரம் அவர் போய்விட்டார். பிறகு வந்த கேசட்டுகளில் நசீர் தன் ஓட்டங்களோடு, தடியைக் கீழே போட்டுவிட்டு ஓடியதாகவும் சேர்த்துச் சொன்னான்.

அந்தக் கொல்லையில் இன்று மனைப்பிரிவுக் கற்கள் நிற்கின்றன. கேசட்டுகளில் பூசணம் பிடித்துக் குரல்கள் போய்விட்டன. கரீம் பாய் ஊருக்கே திரும்பி, சில வருஷம் வீட்டில் இருந்து, மௌத்தாகி, அந்த ஊர் மண்ணிலேயே அடங்கிவிட்டார். அவர் வேலை பார்த்த தேசத்திலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த நசீருக்கு இப்போது முழங்கால் வலி.

போன கோடையில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். கிரிக்கெட் ஆடத் தெரிந்தவனுக்கு பேஸ்பால் வருமா என்று பேரன் கேட்டான். கண்ணும் காலும் வரும், நேர்மட்டைதான் தொந்தரவு செய்யும் என்று நிபுணனைப் போலச் சொன்னேன். மாலையில் அவன் ஆடும் மைதானத்துக்கு நடந்தேன். பெரியவர்கள் நிற்கும் இடம் கம்பிவேலிக்கு வெளியே. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவன், கைப்பேசியில் நசீரைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருக்கவில்லை, ஆனாலும் எடுத்தான். ஒன்றும் சொல்லாமல் கேமராவை மைதானத்தின் பக்கம் திருப்பி, கம்பி மறைக்காதபடி ஓட்டை வழியாகக் காட்டினேன். ஒரு பையன் அடித்தான், தடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

நசீர் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தான். பிறகு சொன்னான்:

"கொஞ்சம் பின்னால போடா. வேலியும் தெரியட்டும்."