இலக்கம் பெரிதாகத் தெரிகிற கொம்பியூட்டர்

நிலாவெளியில் சுற்றுலாக்காரரைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் வேலையில் நாங்கள் இரண்டு பேர். மற்றவன் கிண்ணியாக்காரன். என்னைவிட எட்டு வயது மூத்தவன் என்றாலும் எங்களுக்குள் மச்சான்தான். முன்பு கடலட்டைக்குச் சுழியோடியவன். எந்தக் கல்லின் கீழ் எந்த மீன் கிடக்கும் என்று அவனுக்குத் தெரியும். வருகிறவர்கள் அவனோடுதான் இறங்க வேண்டும் என்பார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

சீசனுக்கு முன் முதலாளி எங்கள் இருவருக்கும் புது டைவ் கொம்பியூட்டர் எடுக்க நினைத்தார். ஆழத்தோடு, சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் காற்றையும் மணிக்கட்டிலேயே காட்டுகிற வகை. ரெகுலேட்டரில் பூட்டிய சின்ன உருளை ஒன்று அளவை அனுப்பும். இங்கிலிஷ் வாசிப்பேன் என்று தெரிவை என்னிடம் விட்டார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று உள்ளங்கை அகலம், அசிங்கம், இலக்கம் பெரிது. மற்றது கைமணிக்கூடு மாதிரி மெல்லியது, இலக்கம் சின்னது.

அவன் என்னைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தான். வெள்ளெழுத்து வந்துவிட்டதாம். காற்றைக் காட்டும் பழைய மீற்றரில் முள் நிற்கிற இடத்தை வைத்துச் சமாளிக்கிறானாம். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமாம்.

"இலக்கம் பெரிசாத் தெரியிறதை எடு மச்சான். வேற ஒண்டும் கேக்கேல்ல."

ஓம் என்றேன். மெல்லியதற்கு ஓடர் கொடுத்தேன். பெரியது கடையில் முடிந்துவிட்டதாம் என்று அவனிடம் சொன்னேன், நம்பினான். பழைய மீற்றர் இனித் தேவையில்லை என்று முதலாளிக்குச் சொல்லி, நானே அதையும் கழற்றினேன்.

சீசன் தொடங்கி மூன்றாம் கிழமை ஒரு புருசன் பெண்சாதியோடு இறங்கினோம். என் திரையில் அவனுடைய காற்றும் தெரியும்படி வைத்திருந்தேன். காற்று ஐம்பது பாருக்கு இறங்கினால் மேலேறத் தொடங்க வேண்டும். அவன் ஐம்பதைத் தாண்டினான். கையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான், எட்டப் பிடித்தான், பிறகு மீன் காட்டப் போனான். அவன் கொம்பியூட்டர் கீச்சிட்டது எனக்குக் கேட்டது. அட்டைக்குச் சுழியோடிக் காது கெட்டிருந்த அவனுக்குக் கேட்கவில்லை. தோளில் ஒரு தட்டுப் போதும். நான் தட்டவில்லை. எப்போது விளங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது, முப்பது, இருபது. அதற்கும் கீழே போன பிறகுதான், மூச்சு இழுபடாமல், காற்றில்லை என்று கழுத்தைக் கையால் அறுத்துக் காட்டியபடி என்னிடம் நீந்தி வந்தான். என் மேலதிக வாய்க்குழாயைக் கொடுத்தேன். மேலே வரும்வரை என் கையை விடவில்லை.

வள்ளத்தில் ஏறியதும், "நீ இல்லாட்டி நான் மௌத்து மச்சான்" என்றான்.

கரையில் முதலாளியிடம் தனியாகச் சொன்னேன்: "அவருக்குக் கிட்ட இருக்கிற எழுத்துத் தெரியாது."

முதலாளி அவனை அந்தப் புருசன் பெண்சாதிக்கு முன்னாலேயே நிறுத்தி, திரையை நீட்டி, வாசி என்றார். எட்டை மூன்று என்றான். இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். ஐந்து என்றான். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னேரமே அவனை அனுப்பிவிட்டார். காட்டிக் கொடுத்தது யாரென்று அவன் கேட்கவில்லை.

அதன் பிறகு வருகிறவர்கள் என்னோடுதான் இறங்குகிறார்கள். வேறு ஆளில்லை.

போன மாதம் கிண்ணியாவில் ஒரு மரக்கறிக் கடையில் அவனைக் கண்டேன். கூப்பிட்டு, ஒரு பை நிறையக் கத்தரிக்காய் போட்டான். காசு வேண்டாம் என்றான். பக்கத்தில் நின்றவர்களுக்கு, கடலுக்கடியில் தன் உயிரைக் காப்பாற்றியவர் இவர்தான் என்று என்னைக் காட்டினான்.

நான் சிரித்து, பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.