கார்டு இழுத்த கரண்ட்

புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியதிலிருந்து கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. நாமக்கல்லில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒல்லியான மனிதர். ஒரு புருவம் பாதிதான் இருந்தது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் முகர்ந்து பார்த்தார். என்னுடையதை முகர்ந்ததும் முகம் மாறியது.

"பவர் சப்ளை முந்நூறு வாட்டுதானுங்க. இந்தக் கார்டுக்கு அறுநூறாச்சும் வேணும். மாட்டி எத்தன நாளாச்சுங்க?"

"ஒரு வாரமுங்க."

"கம்ப்யூட்டர் இருக்கற ரூம்புல ஆரு படுக்கறாங்க?"

"எம் மகதானுங்க. எட்டு வயசு."

அவர் உருகிக் கருகிய ஒயரை வெளியே இழுத்துக் காட்டினார்.

சரியான சப்ளையை மாட்டித் தந்தார். ஆனாலும் அன்றே மகளின் கட்டிலை வேறு அறைக்கு மாற்றினேன். அறையில் யார் படுக்கிறார்கள் என்று அவர் ஏன் கேட்டார், அந்தப் பாதிப் புருவம் எந்தத் தீயில் போனது என்று விசாரிக்க இன்றுவரை எனக்குத் துணிவில்லை.