வண்டிக்கு அடியில் ஒரு சிவப்பு

ஆயுத பூஜைக்கு மறுநாள். காலை ஐந்தரை மணி. பால் பாக்கெட்டை எடுப்பதற்காக வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றேன்.

போர்ட்டிகோவில் நிற்கும் எங்கள் வண்டிக்கு அடியில், சிவப்பாக ஏதோ தேங்கியிருந்தது. உள்ளங்கை அகலம். விளிம்பு மட்டும் லேசாக மினுங்கியது.

அன்று எனக்குப் பயம் எதுவும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? முந்தின நாள்தான் வண்டிக்குப் பூஜை போட்டு, குங்குமம் கரைத்து ஊற்றிய பூசணிக்காயை அதன் முன்னால் உடைத்திருந்தோம். அந்த நாளில் பெங்களூர்த் தெருக்கள் எல்லாமே சிவப்புதான். மல்லேஸ்வரத்தில் எங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், வீட்டுக்கு ஒரு பூசணி சிதறிக் கிடக்கும். எங்கள் வாசலின் சரிவோ உள்நோக்கியது. குங்குமத் தண்ணீர் ஓடிவந்து வண்டிக்கு அடியில் தங்கியிருக்கும் என்று முடிவுகட்டி, ஒரு வாளி தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டேன். போயிற்று.

மறுநாள் காலை அதே இடம். அதே அளவு. அதே சிவப்பு.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் மகள் யாழினியைத் தெரிந்திருக்கும். தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை புனேயில். இன்னும் பதினைந்து நாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வலி எந்த நேரத்தில் வந்தாலும் அவளை அல்சூர் மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த வீட்டில் எனக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரே கடமை அதுதான்.

அதற்காகவே பூஜைக்கு முந்தின நாளே வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். ஜோகுபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அருள்தாஸ்தான் எங்கள் வண்டிக்குப் பல ஆண்டுகளாக வைத்தியர். எல்லா ஆயிலையும் மாற்றி, ஒரு பழைய ரப்பர் ஓஸ் குழாயையும் மாற்றி, சாவியைக் கையில் கொடுக்கும்போது வண்டிக்குள் ஓடும் திரவங்களைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினார். நான் தலையாட்டினேன். என் கவனம் எதிரே இருந்த பழக்கடையில், பூஜைக்கு வாங்க வேண்டிய பழங்களில் இருந்தது. கடைசியாக அவர் சொன்னது மட்டும் மனத்தில் தங்கிற்று.

“சார், மூணு நாளைக்கு வண்டிக்கு அடியில ஒரு அட்டை போட்டு வைங்க. எங்க கசிஞ்சாலும் அதுல தெரிஞ்சிடும். மெக்கானிக் பொய் சொல்வான் சார், அட்டை பொய் சொல்லாது.”

போட்டேன். பூஜையன்று காலை என் மனைவி கோமதி அதை எடுத்துவிட்டாள். “கோலம் போடற இடத்துல குப்பை மாதிரி அட்டை எதுக்குங்க?” நியாயமான கேள்வி. அட்டை பழைய பேப்பர்காரரிடம் போயிற்று.

பூஜையிலும் ஒன்று நடந்தது. நான்கு சக்கரங்களுக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை நகர்த்தினேன். மூன்று நசுங்கின. முன்பக்கத்து வலச் சக்கரத்தின் பழம் மட்டும் வழுக்கி, முழுசாக உருண்டு ஓடிற்று. நான் கோமதியைப் பார்த்தேன். அவள் கற்பூரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேடிப்போனால்... அந்தப் பழம் எங்கும் இல்லை.

இப்போது சிவப்பு. வலப் பக்கம். ஏறக்குறைய அந்தச் சக்கரத்தின் ஓரம்.

நிறைமாதப் பெண் இருக்கும் வீடு. அந்த வாசலில் தினமும் விடியற்காலையில் இப்படி ஒரு நிறம். பகுத்தறிவு எல்லோருக்கும் உண்டு. ஆனால் அது சற்றுத் தாமதமாகத்தான் எழுந்திருக்கிறது. ஐந்தரை மணிக்கு விழித்திருப்பது வேறு ஏதோ.

கோமதி பார்த்தால் அஞ்சுவாள். அவள் முகத்தைப் பார்த்து யாழினி அஞ்சுவாள். ஆகவே மூன்றாம் நாளும் ஒரு வாளி தண்ணீர். சிவப்பு உடைந்து, மெல்லிய வானவில்லாகத் தரையில் நெளிந்து, சாக்கடையில் இறங்கிற்று. குங்குமத்துக்கு ஏது எண்ணெய்ப்பசை? அதைக் கேட்கத் தோன்றவில்லை. வானவில்லைப் பார்த்தபடி நின்றேன்.

நான்காம் நாள் இன்னும் முன்னதாக எழுந்து வாளியோடு போனேன்.

தரை கழுவப்பட்டிருந்தது.

மழை பெய்யவில்லை. தெரு உலர்ந்து கிடந்தது. வீட்டில் விளக்கு எதுவும் எரியவில்லை. வண்டிக்கு அடியில், அந்த ஓர் இடம் மட்டும் ஈரமாக, சுத்தமாக... யாரோ இப்போதுதான் துடைத்துவிட்டு நகர்ந்ததைப் போல இருந்தது. நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன். கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாளை ஒரு முறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் காலையிலும் தரை கழுவியிருந்தது. மாலையில் பார்த்தால் மீண்டும் சிவப்பு. ஆறாம் நாளும் அவ்வாறே.

ஏழாம் நாள் மார்க்கெட்டுக்குப் போவதற்காக வண்டியை எடுத்தேன். தெருமுனையில் திருப்பும்போது கேட்டது, ஒரு முனகல். “ம்ம்ம்...” என்று, அடித்தொண்டையிலிருந்து. ஸ்டீயரிங்கை நேராக்கினேன். நின்றுவிட்டது. திருப்பினேன். மீண்டும் எழுந்தது.

நான் அஞ்சியது, அந்த ஓசை புதிது என்பதற்காக அல்ல. அதை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். பக்கத்து அறையில் யாழினி வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி புரண்டு படுக்கும்போது எழும் முனகல் அது.

அருள்தாஸுக்கு ஒரு ஃபோன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னவென்று சொல்வது? ஏழு நாளாகப் பூசணிக்காய் கசிகிறது என்றா? அது மட்டுமல்ல... உண்மைக் காரணம் வேறு. அவர் வந்து குனிந்து பார்த்து, “எல்லாம் சரியா இருக்கு சார், ஒண்ணுமே கசியல” என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு விடைக்குத்தான் நான் அஞ்சினேன். கேட்காதவரை அந்த விடை வராது அல்லவா?

அன்றிரவு சாப்பிடும்போது கோமதி சொன்னாள்: “வலி வந்தா டாக்ஸியிலயே போயிடலாமே.”

“ஏன்? இப்பத்தானே சர்வீஸ் பண்ணியிருக்கு?”

“சும்மா சொன்னேன்.” அவள் என்னைப் பார்க்கவில்லை. யாழினி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் பிற்பகல், பெங்களூருக்கே உரிய கொட்டும் மழையில், வலி வந்தது. மருத்துவர் சொன்ன கணக்குக்கு ஐந்து நாள் முன்னதாக.

கோமதி பிடிவாதமாக டாக்ஸிக்கு முயன்றாள். மூன்று பேர் வருகிறேன் என்றார்கள். மூன்று பேரும் ரத்து செய்தார்கள். மழை பெய்யும் பெங்களூரில் அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை. நான் சாவியை எடுத்தேன். கோமதி என் கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

கேட்டைத் தாண்டித் திருப்பினேன். முன்னால் ஒரு முனகல். பின் இருக்கையில் ஒரு முனகல். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டும் சேர்ந்தே எழுந்தன. எது வண்டி, எது மகள் என்று பிரிக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். யாழினி பற்களைக் கடித்துக்கொண்டு, வாயை மூடியிருந்தாள். ஆனால் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

அல்சூர் ஏரி வளைவுக்கு வந்தபோது முன்னால் கேட்ட முனகல் சட்டென்று நின்றது.

நிம்மதி அடைந்தேன். ஒரே ஒரு நொடி. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அது திரும்பவில்லை. கல்லைப் பிடித்து இழுப்பதைப் போல இருந்தது. எதிரே ஒரு பேருந்து. மழைத்திரையில் அதன் இரண்டு விளக்குகள் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தன.

“கோமதி, இழு!”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து குறுக்கே சாய்ந்து இரு கைகளாலும் பற்றி இழுத்தாள். முப்பத்தைந்து ஆண்டு மணவாழ்வில் நாங்கள் இருவரும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் இழுத்தது அநேகமாக அதுதான் முதல்முறை. வண்டி அங்குலம் அங்குலமாகத் திரும்பி, பேருந்துக்கு வழிவிட்டு, ஏரியோரம் நின்றது.

வைப்பரின் ஓசை மட்டும் கேட்டது. கோமதி அழத் தொடங்கினாள்.

“கறையைப் பாத்தப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்...”

“எந்தக் கறை?”

“வாசல்ல. தினமும் சிவப்பா வந்துது. உங்களுக்குத் தெரிஞ்சா வண்டியைத் தொடவே பயப்படுவீங்கன்னு, நாலரைக்கே எழுந்து கழுவி விட்டேன். அந்த எலுமிச்சம்பழத்தையும் நான்தான் எடுத்துக் கோயில் மரத்தடியில போட்டேன்.”

பின்னாலிருந்து மூச்சு வாங்கும் குரல்: “அய்யோ அம்மா... நீங்களுமா? மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் தூங்கறப்ப நான் சொம்புல ஊத்தினேன்... நீங்க பாத்தா பயப்படுவீங்கன்னு...”

நான் வாயைத் திறந்தேன்.

“அப்பா, நீங்களும்னு தெரியும்! வாளி சத்தம் கேட்டுது! அப்புறமா மூணு பேரும் உக்காந்து அழுதுக்கலாம், இப்ப ஓட்டுங்க!”

மீதிச் சாலை நேர்ச்சாலை. மருத்துவமனை வாயிலில் இருந்த கடைசித் திருப்பத்தை நானும் கோமதியும் மறுபடியும் நான்கு கைகளால் கடந்தோம். யாழினியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே கொண்டு போனார்கள்.

ஃபோன் செய்ததும், பக்கத்திலிருக்கும் ஜோகுபாளையத்திலிருந்து அருள்தாஸ் பத்து நிமிடத்தில் ரெயின்கோட்டோடு வந்து சேர்ந்தார். ஃபோன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் நுழைந்தவர் வெளியே வந்தபோது இரண்டு விரல்கள் சிவப்பாக இருந்தன.

“குங்குமம்,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்னாது?”

“பூஜையன்னைக்கு உடைச்ச பூசணிக்காய்...”

அந்த விரல்களை என் மூக்கருகே நீட்டினார். “மோந்து பாருங்க சார். எந்தக் கடை குங்குமம் இப்பிடி நாறுது? ஸ்டீயரிங் ஆயில் சார் இது. சிவப்பாத்தான் இருக்கும். அன்னைக்கே சொன்னேனே! உங்க வண்டியில கூலன்ட் பச்சை, இஞ்சின் ஆயில் தேன் கலரு, ஸ்டீயரிங் ஆயில் சிவப்பு, என்ன கலர் ஒழுகுதுன்னு ஃபோன்ல சொன்னாலே எங்க லீக்னு சொல்லிடுவேன்னு. நீங்களும் நல்லாத் தலையாட்னீங்க!”

“முனகல்?”

“ஆயில் குறைஞ்சா பம்ப் அப்பிடித்தான் அழும்.” சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “தப்பு என்னுது சார். ஓஸ் மாத்தினவன் பழைய கிளிப்பையே போட்டு வுட்டேன். பூஜை ரஷ்ஷு. ஏசப்பா... பொண்ணை வெச்சிக்கிட்டு அந்த வளைவுல...” விரல்களை ரெயின்கோட்டில் துடைத்துக்கொண்டார். “ஆனா அட்டை போடச் சொன்னேன் இல்ல?”

“போட்டேன்.”

“அப்புறம்?”

“கோலத்துக்கு இடைஞ்சலா இருந்துது.”

அவர் ஃபோன் வெளிச்சத்தை அணைத்தார். “பத்து நாள் சார். அந்த வண்டி பத்து நாளா வாய் விட்டுச் சொல்லியிருக்குது. நீங்க மூணு பேரும் ஷிஃப்டு போட்டு, சும்மாவே அது வாயைக் கழுவி வுட்டிருக்கீங்க.”

இதற்கு மேல் நான் என்ன எழுத? ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, காப்பாற்ற வேண்டிய ஒரே ஆளை அந்த வளைவு வரை கொண்டு போயிருக்கிறோம். ஒரு வாளி குறைந்திருந்தால், அல்லது ஒரு வாக்கியம் கூடியிருந்தால் போதும். பேய் பிசாசு எதுவும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இருட்டில் ஓசைப்படாமல் நடமாடி, தரையைத் துடைத்துவிட்டு மறைந்தவர்கள் நாங்கள்தாம்.

மாலை ஆறு மணிக்குப் பேத்தி பிறந்தாள். அதே நேரத்தில் கீழே பார்க்கிங்கில் புதுக் கிளிப்பும் புது ஆயிலும் ஏறின. தாயும் சேயும் வண்டியும் நலம்.

பிறந்த ஐந்தாம் நாள் குழந்தையோடு வீடு திரும்பினோம். கோமதி ஆரத்தி எடுத்து, வாசலில் கொட்டினாள். அன்று இருட்டியபின் வண்டிக்கு அடியில் புது அட்டை வைக்கப் போனேன். “பச்சைக் குழந்தை வந்திருக்கு, இன்னைக்கு ஒரு நாள் வாசல் சுத்தமா இருக்கட்டுமே” என்றாள். பேசாமல் எடுத்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணி. பால் பாக்கெட்டை எடுக்க வந்தேன்.

வண்டிக்கு அடியில் சிவப்பு. உள்ளங்கை அகலம். அதே இடம்.

உள்ளே அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்திற்று. கை, பழக்கத்தால், வாளியைத் தேடிற்று.

எடுக்கவில்லை. “கோமதி!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் ஓடிவந்தாள். யாழினி குழந்தையைத் தோளில் போட்டபடி பின்னால் வந்தாள். மூவரும் குனிந்து பார்த்தோம். நான் விரலை நனைத்து முகர்ந்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் மணத்தன. சரிவில் ஓடிவந்த ஆரத்தித் தண்ணீர்.

இருந்தாலும், அருள்தாஸுக்கு ஒரு ஃபோன் செய்துவிட்டேன்.