சந்தனம்மாள் பனிமலைக்குப் போன கதை

ஓடைப்பட்டிச் சந்தனம்மாளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி நம்பவைப்பதற்குள் நமக்குப் பாதி ஆயுசு போய்விடும். திராட்சைப் பந்தலில் நோய் விழுந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னால், போட்ட சோற்றை மூடிவைத்துவிட்டு ஓடி, இலையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் "ஆமா" என்பாள். புருஷன் மதுரை ஆஸ்பத்திரியில் செத்துப்போனான் என்று டாக்டர் சொன்னபோதுகூட மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாரில் அடித்துக்கொண்டாள். 'கண்ணால் காண்பதும் பொய்' என்று சொன்ன மகராசன் மட்டும் அவள் கையில் அகப்பட்டிருந்தால் நார்நாராகக் கிழித்திருப்பாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், உன் மகன் பனிக்குள் விழுந்துவிட்டான் என்று சொன்னால் எப்படி?

மகன் மாரிசெல்வத்துக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் லீவு போட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் இம்மானுவேலோடு இமயமலைக்குப் போனான். மலையில் நடந்து போய்ப் பனியாறு பார்க்க ஆசை. பனியாறு என்றால் மலை இடுக்கை அடைத்துக்கொண்டு மைல் கணக்கில் கிடக்கிற பனிக்கட்டி. அதன்மேல் நடக்கும்போது, மேலே பனி மூடியிருந்த ஒரு வெடிப்பில் கால் வைத்தான். அப்படியே உள்ளே போய்விட்டான். கயிறு கட்டி இறங்கித் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பையன்.

இம்மானுவேல் வந்து விழுந்து அழுதான். ஊரே அழுதது. மருமகள் யுவராணி அழுது அழுது குரல் கம்மிப்போனாள். சந்தனம்மாள் மட்டும் அழவில்லை.

அவள் கணக்கு வேறு. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவளுக்குத் தண்ணீரைப் பற்றி யார் பாடம் எடுப்பது? முல்லையாற்றில் எவன் விழுந்தாலும் இரண்டு மூன்று நாளில் மிதந்துவிடுவான். மேலே விழுந்தவனைக் கீழே வீரபாண்டித் தடுப்பணையில் போய்த் தேடினால் போதும்.

"பனிக்கு அடியில ஆறு ஓடுதுன்னு நீதானப்பா சொன்ன? செத்திருந்தா அந்த ஆறு அடிச்சுட்டு வந்து வெளிய போட்டிருக்கும்ல? போடலைல? அப்ப எம்புள்ள உசுரோடதான இருக்கான்?" என்று இம்மானுவேலையே மடக்கினாள். எங்கேயோ கரையேறி, தலையில் அடிபட்டு, பாஷை தெரியாத ஊரில் பேர் மறந்து கிடக்கிறான். வருவான். அவ்வளவுதான் அவளுக்கு.

அதனால் கருமாதி கிடையாது. யுவராணி கழுத்துத் தாலியில் யாரும் கை வைக்கக் கூடாது. மகனுடைய நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் வேறு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெத்த மனம் பித்து என்று முதலில் இரக்கப்பட்டார்கள். போகப் போக, சின்னஞ்சிறுசை வேறு கலியாணம் கட்டவிடாமல் கிழவி பிடித்துவைத்திருக்கிறாள் என்று பேசினார்கள். நாக்கில் நரம்பில்லாத சனம்!

யுவராணியின் அண்ணன் கர்ணன் அனுமந்தன்பட்டியிலிருந்து வந்து உட்கார்ந்தான்.

"அத்தை, தங்கச்சிக்கு ஒரு வழி வேணாமா? மாவுல உருவம் பிடிச்சுக் கொள்ளி வச்சுட்டா ஆக வேண்டிய சோலியப் பாக்கலாம். நல்ல எடத்துலருந்து கேட்டு வந்திருக்காக."

"மாவப் பிசைஞ்சு எரிச்சுட்டு, அதை எம்புள்ளைன்னு சொல்லச் சொல்றியா?"

"நீங்கதான் எதையும் கண்ணால பாத்தாத்தான் நம்புவீகளே. அங்கன போயிப் பாத்துட்டு வந்துருங்க. அப்பறமாச்சும் சம்மதிப்பீகளா?"

"போறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த யுவராணி, "நானும் வாரேன் அத்தை" என்றாள்.

கோடை விடுமுறையில் இம்மானுவேல்தான் இருவரையும் கூட்டிப்போனான். ரயில், பஸ், அப்புறம் நடை. வழியெல்லாம் விடுமுறைக்கு வந்த கூட்டம். சிவப்பும் மஞ்சளுமாகச் சட்டை மாட்டிக்கொண்டு, நின்று நின்று செல்பி எடுத்துக்கொண்டு. திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே ஆயுசைக் கழித்தவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி ஏறினாள். இந்தப் பிள்ளைகளைப் போலத்தானே அவனும் சிரித்துக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தபோது மட்டும் அவளுக்கு மூச்சு முட்டியது.

பனியாறு வெள்ளைவெளேர் என்று இருக்கும் என்று எண்ணியிருந்தாள். அதுவோ ரோட்டு வேலைக்குக் கொட்டிவைத்த மாதிரி மண்ணும் சல்லியுமாகக் கிடந்தது. வெடித்த இடங்களில் மட்டும் உள்ளே நீலம். அதன் வாயிலிருந்து கழனித்தண்ணி நிறத்தில் ஆறு இரைச்சலோடு வந்தது. சந்தனம்மாள் கரையோரமாகப் போய் ஒவ்வொரு பாறை இடுக்காகக் குனிந்து பார்த்தாள். பிறகு, வழிகாட்டக் கூட வந்த மலைக்காரரிடம் தன் கணக்கைச் சொல்லிக் கேட்கச் சொன்னாள். இம்மானுவேல் தயங்கித் தயங்கி இந்தியில் கேட்டான். அவர் சொன்னதைத் திரும்பித் தமிழில் சொன்னான்.

"அவன் தண்ணிக்குள்ள இல்லம்மா. பனிக்குள்ள இருக்கான். இந்தப் பனியும் ஆறு மாதிரி நகருதாம். கண்ணுக்குத் தெரியாம, கொஞ்சங் கொஞ்சமா. அவன் விழுந்தது அந்தா, அந்த உச்சிக்குப் பக்கத்துல. இங்க வந்து சேர அம்பது வருஷம் ஆகலாம்கிறார்."

"வாரப்ப எப்படி இருப்பான்?"

"போனப்ப இருந்த மாதிரியே."

சந்தனம்மாள் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆறு கொண்டுவந்து கொடுக்கத்தான் போகிறது. ஆனால் அன்றைக்கு அவனை வாங்கிக்கொள்ள, இவன் என் பிள்ளை என்று சொல்ல, அவள் இருக்க மாட்டாள். "ஏலே மாரிசெல்வம், ஒரு போர்வைகூட இல்லாமக் கெடக்கியேடா" என்று மூன்று வருஷத்து அழுகையையும் அங்கேயே அழுது தீர்த்தாள். விடுமுறைக் கூட்டம் போனைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்தாள். பார்த்தாயிற்று. இனி மருமகளுக்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

"தாயி, ஊருக்குப் போனதும் கருமாதி வச்சுருவோம். ஒங்கண்ணன் சொல்ற எடத்தையும் பாக்கச் சொல்லு."

யுவராணிக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். அந்தப் பெண்ணோ சரிந்து உட்கார்ந்து மாமியார் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை, நீங்களும் சொல்லாதீக. அவுக இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா நீங்க வருவான் வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தீகளே, அந்தச் சத்தத்துலதான் நான் தூங்குனேன். நீங்க நம்புறீகன்னுதான் எனக்கு உசுரு நின்னுச்சு. இனிமே யாரு அத்தை சொல்லுவா?"

காலைக் கட்டியிருந்த கையை விலக்கச் சந்தனம்மாளுக்கு மனம் வரவில்லை. மருமகள் தலையைத் தடவிக்கொண்டே, "வருவான் தாயி" என்றாள். அவள் அதைப் பொய்யாகச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. யுவராணி நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் புருஷன் செத்த சேதி வந்ததுபோலக் கதறினாள்.