கைசுவின் ஐந்து கைக்கணினிகள்

என் தங்கை கைசுவைப் பற்றி எழுதச் சொன்னால் 2001-ஆம் ஆண்டு ஜூலை முப்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்திலிருந்துதான் தொடங்குவேன். அவள் இரண்டு வருடம் செய்த வேலை அன்று என் கண் முன்னால் ஒன்றுமில்லாமல் கிடந்தது. அதை ஒன்றுமில்லாமல் ஆக்கியவன் நான்தான் என்பது தெரிய எனக்கு மேலும் கால் மணி நேரம் ஆயிற்று.

என் பெயர் தைஸ்தோ. வடக்கே, காடும் ஏரியும் நிறைந்த கயானி ஊரில் ஒரு மரக் கொள்முதல் சங்கத்தில் அளவைக்காரன். ஒருவர் தன் காட்டிலிருந்து மரம் விற்க வந்தால், வெட்டுவதற்கு முன் அந்தக் காட்டுத் துண்டுக்குப் போய் எத்தனை பைன், எத்தனை பிர்ச், என்ன பருமன், என்ன உயரம் என்று அளந்து குறித்துக்கொண்டு வருவது என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கைசு என்னைவிட ஒன்பது வயது இளையவள், படித்தவள். ஔலு நகரில் ஒரு பெரிய கைபேசிக் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். 1999-இல் அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, பழைய பால் பண்ணைக் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துத் கணினி நிரல் எழுதும் கம்பெனி ஒன்றைத் தனியாகத் தொடங்கினாள். ஒரே ஒரு ஆள் கம்பெனி. கதவில் பெயர்ப்பலகையை நான்தான் திருகினேன். நாலு திருகு.

எங்கள் வேலைக்கான நிரலில் ஒரு வரி எழுதுவதற்கு முன் அவள் மூன்று வாரம் என்னோடு காட்டுக்கு வந்தாள். ஜனவரி மாதம், முழங்கால் பனி. என் பின்னாலேயே நடந்து, நான் எத்தனை முறை கையுறையைக் கழற்றுகிறேன் என்று எண்ணினாள். ஒரு நாளைக்கு நாற்பத்தொரு முறை. அதனால் அவள் எழுதிய நிரலில் திரையில் உள்ள கட்டங்கள் எல்லாம் பெரிது பெரிதாக இருந்தன. கையுறையோடு தொட்டால் போதும். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கணினி ஐந்து எங்களுக்கு வந்தது. ஐந்து அளவைக்காரர்கள், ஆளுக்கு ஒன்று.

முதல் நாள் பென்த்தி அதைச் சோப்புப் பெட்டிபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னோடு பதினேழு வருடமாக வேலை பார்ப்பவன்.

"தைஸ்தோ, இதுல சோப்பை எந்தப் பக்கம் வைக்கணும்னு உன் தங்கச்சிகிட்ட கேளு."

"நீ குளிக்கிற அன்னைக்குச் சொல்றேன்," என்றாள் கைசு.

அதன் பிறகு அவன் அவளைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டான்.

நான் கணினியிலும் பதிந்து, வழக்கம்போல் நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் கைசு அதைப் பார்த்துவிட்டாள்.

"ரெண்டுலயும் எழுதினா ரெண்டையும் நம்பமாட்ட. நோட்டைக் கார்ல வைச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனேன். மற்ற நால்வரும் நான் செய்ததைப் பார்த்துத்தான் காகிதத்தை விட்டார்கள். மே பதினாலு முதல் ஜூன் இருபத்தொன்பது வரை அறுபத்தொரு காட்டுத் துண்டுகளை அளந்தோம். எல்லாம் அந்த ஐந்து பெட்டிக்குள் இருந்தது. அலுவலகக் கணினிக்கு அதை மாற்றும் நிரலை மட்டும் கைசு இன்னும் முடிக்கவில்லை. "லீவு முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றாள். ஜூன் மாதக் கடைசியில் எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் எல்லோரும் சொல்லும் பதில் அதுதான். ஜூலை முழுவதும் ஊருக்கே லீவு; வங்கி மேலாளர்கூட ஏரிக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருப்பார்.

இந்த வேலையில் அவளுடைய எதிர்காலமே இருந்தது. அவள் முன்பு வேலை பார்த்த கைபேசிக் கம்பெனி புதிதாக ஒரு போன் கொண்டுவந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடுபோல் திறக்கும், உள்ளே விசைப்பலகை இருக்கும். பேசுவதற்கு மட்டும் அதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீடு வீடாகப் போகும் செவிலியருக்கு, லிப்ட் பழுது பார்ப்பவருக்கு, மரம் அளப்பவருக்கு என்று வேலைக்கு உதவும் நிரல்கள் வேண்டும். அப்படி நிரல் எழுதும் சிறு கம்பெனிகளில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்துக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்திருந்தார்கள். கைக்கணினியில் ஓட்டியது என்றாலும் போதும், ஆனால் உண்மையான ஆட்கள், உண்மையான வேலையில், ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும். ஆகஸ்ட் பதினாறாம் தேதி அவர்கள் கயானிக்கு வந்து பார்ப்பதாக இருந்தது. அந்தப் பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால் மாடி அறையைக் காலி செய்துவிட்டு ஔலுவில் யாரிடமாவது சம்பளத்துக்குப் போவதாக கைசு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள்.

ஜூலை முப்பதாம் தேதி நான்தான் முதலில் வந்து சங்க அலுவலகக் கதவைத் திறந்தேன். என் கணினியை அதன் மின்னேற்றும் தாங்கியிலிருந்து எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் கறுப்பு. ஐந்தும் அப்படியே. மின்சாரம் இல்லையோ என்று குனிந்து பார்த்தபோது ஐந்து தாங்கிகளின் கம்பிகளும் சேரும் நீள மின்பலகையின் பிளக் தரையில் கிடந்தது. சும்மா கிடக்கவில்லை. கம்பி ஒழுங்காகச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு வைக்கப்பட்டிருந்தது. அப்படிச் சுருட்டுகிறவன் அந்த அலுவலகத்தில் ஒருவன்தான்.

லீவுக்குப் போகும்போது ஜூலை மாத இடிக்குப் பயந்து எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போவது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். தொலைக்காட்சி, ஆன்டெனா கம்பி, காபி இயந்திரம் எல்லாம். ஜூன் இருபத்தொன்பது அன்று கடைசியாகக் கிளம்பியது நான். அலுவலகத்தில் பதினான்கு பிளக். பதினான்கையும் பிடுங்கினேன். கணினிகளைத் தாங்கியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள் கைசு. தாங்கியில்தான் வைத்திருந்தேன், தூசு படாமல் மேலே ஒரு துணியும் போர்த்தி.

பிளக்கை மாட்டிப் பத்து நிமிடம் காத்திருந்தேன். என்னுடையது விழித்துக்கொண்டது. திரையின் நாலு மூலையையும் தொடச் சொன்னது. எந்த மொழி என்று கேட்டது. இன்று ஜனவரி ஒன்றா என்று கேட்டது. கடையிலிருந்து வந்த முதல் நாள் கேட்ட அதே கேள்விகள். உள்ளே ஒரு மரம்கூட இல்லை. கைசுவின் நிரலே இல்லை. மின்சாரம் முழுதாகத் தீர்ந்தால் அந்தப் பெட்டிகளுக்கு எதுவும் நினைவில் நிற்காது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.  மற்ற நாலும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கேள்வியைக் கேட்டன. நான் எதற்கும் பதில் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு பென்த்தி வந்தான். பார்த்தான். ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்திப் பார்த்தான்.

"ஏழு வாரம்டா. கொசுவுக்கு நான் கொடுத்த ரத்தமே ஒரு லிட்டர் இருக்கும். உன் தங்கச்சி நிரல் எல்லாத்தையும் தின்னுட்டு ஏப்பம்கூட விடல."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கைசு ஒன்பது மணிக்கு வந்து ஐந்தையும் வரிசையாக எடுத்துப் பார்த்தபோதும் சொல்லவில்லை.  யாரையும் எதுவும் கேட்காமல், கோட்டைக் கழற்றாமலேயே ஐந்தையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். அவள் நிரல்தான் கெட்டது என்று நால்வரும் பேசிக்கொண்டார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு பால் பண்ணை மாடிக்குப் போய்ச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எத்தனை மணிக்குப் பிடுங்கின?"

"லீவு விட்ட வெள்ளிக்கிழமை. மூணு நாப்பதுக்கு."

"நேரம் வேற தெரிஞ்சு வெச்சிருக்க." சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரி, போ. நான் யோசிக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த பதினாறு நாளில் அவள் பால் பண்ணையை விட்டு வெளியே வந்ததை நான் பார்த்தது மூன்று முறை. நாங்கள் பழையபடி நோட்டை எடுத்துக்கொண்டு, அளந்த காடுகளையே மறுபடி அளக்கப் போனோம். ஆகஸ்ட் எட்டாம் தேதி கைசு புது நிரல் போட்டு ஐந்து கணினியையும் திருப்பிக் கொடுத்தாள். இப்போது ஒரு துண்டை அளந்து முடித்தவுடன் அது தபால்தலை அளவுள்ள ஒரு அட்டையில் தானே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அந்த அட்டைக்கு மின்சாரம் தேவையில்லை. பிறகு கைபேசியைப் பக்கத்தில் வைத்தால் கம்பி இல்லாமலேயே அதற்குக் கொடுத்து, குறுஞ்செய்தியாக அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். பதினாறாம் தேதி காலை வரை முப்பத்தெட்டுத் துண்டு முடித்திருந்தோம். இருபத்து மூன்று பாக்கி.

அன்று பத்து மணிக்கு ஔலுவிலிருந்து ஒரு பெண்மணி பால் பண்ணை மாடிக்கு வந்தார். ரவுனி என்று பெயர். கூட்டாளிகளைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னையும் பென்த்தியையும் கைசு கூப்பிட்டிருந்தாள், பயன்படுத்துகிறவர்கள் என்று.

உள்ளே போகுமுன் பென்த்தி என் காதில் சொன்னான்: "கேட்டா மட்டும் பேசு. கேக்கலைன்னா காபியக் குடி."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புது நிரலைக் காட்டுவாள், குறுஞ்செய்தி போவதைக் காட்டுவாள், முடிந்துவிடும். ஜூலையில் நடந்தது எங்கள் ஐந்து பேரையும் கைசுவையும் தவிர யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பென்த்திக்குக்கூடப் பாதிதான் தெரியும், பிளக்கைப் பிடுங்கியது நான் என்பது தெரியாது.

கைசு காபி ஊற்றினாள். உட்கார்ந்தாள். மேஜைமேல் ஒரு கணினியும் இல்லை.

"காட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ஜூலைல எங்க வேலை மொத்தமும் அழிஞ்சுபோச்சு. அறுபத்தொரு துண்டு. மின்சாரம் போனா எதுவும் நிக்காதுன்னு தெரிஞ்சும், நகல் எடுக்குறத லீவு முடிஞ்சு செய்யலாம்னு விட்டது நான். பிளக்கைப் பிடுங்கினது இவன், என் அண்ணன்."

கோப்பை என் வாய்க்கும் மேஜைக்கும் நடுவில் நின்றுவிட்டது. பென்த்தி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் விவரிக்க மாட்டேன்.    இரண்டு வருடத்தையும் ஒரே மூச்சில் தூக்கி எறிந்துவிட்டாளே என்றுதான் நினைத்தேன்.

ரவுனி என்னிடம் கேட்டார்: "ஏன் பிடுங்கினீங்க?"

"இடி விழும்னு."

"வீட்டுலயும் பிடுங்கினீங்களா?"

"ஒன்பது பிளக்."

அவர் கைப்பையைத் திறந்து ஒரு கணினியை எடுத்து மேஜைமேல் வைத்தார். எங்களுடையதைப் போன்றதே. பொத்தானை அழுத்தினார். ஜனவரி ஒன்றா என்று அது கேட்டது.

"ஜூன்ல இவங்க எனக்கு மாதிரிக்கு ஒண்ணு அனுப்பியிருந்தாங்க," என்றார் எங்களைப் பார்த்து. "லீவுக்குப் போறப்ப நானும் பிடுங்கிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பாத்தா இப்படி. என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். இவங்க சொல்றாங்களா இல்லையான்னு பாக்கத்தான் இதை எடுத்துட்டு வந்தேன். போன வாரம் ரெண்டு கம்பெனிக்குப் போனேன். அவங்க எனக்கு அனுப்பின பொட்டியும் இதே மாதிரி அழிஞ்சிருந்துச்சு. ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லாம எனக்கு அழகா படம் காட்டினாங்க. அவங்க பேரை அடிச்சிட்டேன்."

கைசுவுக்கும் இது தெரியாது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் கணினியைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ரவுனி கேட்ட கேள்விகளில் பாதி எனக்குப் புரியவில்லை. புறப்படும்போது எழுந்து நின்றபடி சொன்னார்: "உங்க பேரைப் பட்டியல்ல எழுதிக்கறேன். ஒரு நிபந்தனை. புது நிரல் எது வந்தாலும் வெளிய விடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் உங்க அண்ணன்கிட்ட குடுங்க. எப்படி வெச்சுக்கணும்னு ஒண்ணும் சொல்லிக்கொடுக்காம."

"சொல்லிக்கொடுத்தாலும் ஒண்ணுதான்," என்றாள் கைசு.

பென்த்தி சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. 

அன்று மூன்று மணிக்கு மீதி இருபத்து மூன்றில் ஒன்றை அளக்கப் புறப்பட்டேன். கைசுவும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறினாள். பதினெட்டு கிலோமீட்டர்.  காட்டுக்குள் முதல் மரத்தருகே போனதும் கேட்டாள்:

"பிடுங்கினது நீன்னு சொன்னதுல கோவமா?"

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா? அதிகாலைலயே கிளம்பி எங்கயாவது தூரக் காட்டுல அளந்துக்கிட்டு நின்னிருப்ப."

நான் யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் செய்திருப்பேன். எந்தக் காட்டுக்குப் போயிருப்பேன் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது. அன்றைய அதிர்ச்சிகளில் அது நாலாவதோ ஐந்தாவதோ.

அளவுகோலை மரத்தில் பிடித்தேன்.

"பைன். இருபத்தாறு சென்டிமீட்டர்."

"பைன், இருபத்தாறு," என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே அவள் திரையைத் தொட்டாள்.